ரம்பத்தின் மூடியும் ஒரு நீல நாடாவும்

“இன்னும் ஒரு துண்டு கருப்பட்டி போட்டா ஒங்க அப்பன் வீட்டு ஆஸ்தி கரைஞ்சிருமோ?” என்று கேட்டபடி காப்பித் தம்ளரைக் குசினி வாசலில் வைத்தார் என் கணவர்.

“நேத்து கூடப் போட்டதுக்கு, இது காப்பியா பாயாசமான்னு கேட்டது யாரு?” என்றேன்.

“அது நேத்து, ஏளா.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோணிப் பட்டறைக்குப் போனார்.

அவ்வளவுதான். மத்தியானச் சோற்றுக்கு நான் உலை வைத்த நேரத்தில் அவர் உயிரோடு இல்லை. துக்கம் கேட்க வந்த பெண்கள் எல்லோரும், “கடைசியா என்ன சொன்னாரு?” என்றே கேட்டார்கள். கருப்பட்டியைப் பற்றிச் சொன்னார் என்றேன். யாருக்கும் அது போதவில்லை. மாதம் முடியுமுன், மாதாவின் பேரைச் சொல்லிக்கொண்டே அவர் வாசற்படி இறங்கியதாகத் தெருவில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. நான் மறுக்கவில்லை. அவ்வளவு வெயிலில் நடந்து வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

என் கணவர் பெயர் சிலுவை. ஓடாவி, அதாவது தோணி கட்டும் தச்சர். தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்கு வடக்கே பொன்னுதுரை அண்ணாச்சியின் பட்டறையில் வேலை பார்த்தார். அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம். பலசரக்குக் கடை வைக்க வந்தவர், யுத்த காலத்தில் எதை எதையோ வாங்கி எதை எதையோ விற்று, யுத்தம் முடிந்தபோது தோணிகளுக்கு முதலாளியாகியிருந்தார். முழங்காலுக்கு மேல் அவர் கடலில் இறங்கி யாரும் பார்த்ததில்லை. ஆனால் நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் ஒருவராவது அவரை எதிர்த்துப் பேசியிருப்பார்.

நாற்பத்தேழாம் வருடம் தோணிகள் கரையேறும் காலத்தில் அந்த ரம்பம் வந்தது. யுத்தத்துக்கென்று வரவழைத்து, யுத்தம் முடிந்ததால் வேண்டாமென்று கொழும்பில் ஏலம் போட்ட சாமான்களில் அதுவும் ஒன்று. ஏலத்தில் எடுத்துக்கொடுத்தவன் ஹென்றி, என் சித்தி மகன். யுத்தத்தின்போது திருகோணமலையில் கப்பற்படைப் பட்டறையில் மின்சார வேலை பார்த்தவன். அங்கிருந்து ஒரு காக்கிக் கால்சட்டையும், வாய் நிறைய இங்கிலீஷ் வசவும், இந்த ரம்பத்தைப் பற்றிய அறிவும் கொண்டுவந்தான். மற்ற எந்த விஷயத்திலும் அவன் சொன்னதை நம்பிக் கெட்டவர்கள் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அவன் சொன்னது அத்தனையும் நிஜம். அதனால்தானோ என்னவோ யாரும் நம்பவில்லை.

முதல்நாள் அவன் அதை ஓட்டிக்காட்டியபோது நானும் சோற்றுத் தூக்கோடு அங்கே இருந்தேன். கைப்பிடி வைத்த ஓர் இரும்புப் பெட்டி. அடியில் ஒரு தட்டையான தகடு. அதன் நடுவே ஆப்பச்சட்டி அகலத்தில் பல் வைத்த வட்டத் தகடு. மேல்பாதிக்கு அசையாத மூடி. கீழ்ப்பாதிக்கு ஒரு வில் வைத்த மூடி. ரம்பத்தை மரத்துக்குள் தள்ளினால் மரமே அந்த மூடியைப் பின்னால் ஒதுக்கிவிடும். மரத்தைவிட்டு வெளியே வந்ததும் மூடி ‘டக்’கென்று மறுபடி பல்லை மறைத்துக்கொள்ளும்.

“இந்த மூடிதான் உசுரு” என்றான் ஹென்றி.

பட்டறையின் தலைமைத் தச்சர் மனுவேல் மேஸ்திரி சிரித்தார். “எங்க பாட்டன் காலத்துலேருந்து மரம் அறுக்குத வாளுக்கு மூடி போட்டு நாங்க பாத்ததில்ல. மரம் எது, காலு எதுன்னு எங்களுக்குத் தெரியும்ல.”

“ஒங்களுக்குத் தெரியும் மேஸ்திரி. அதுக்குத் தெரியாதே.”

என் கணவர் வழக்கம்போலப் பலகையைத் தரையில் கிடத்தி, அதன்மேல் இடது காலை ஊன்றி, கட்டைவிரலால் விளிம்பைக் கவ்விக்கொண்டு நின்றார். எங்கள் பக்கத் தச்சர்களுக்கு இடுக்கி வேண்டாம், பாதம்தான் இடுக்கி. ஹென்றி தலையில் அடித்துக்கொண்டான்.

“அத்தான், காலை எடுங்க. பல்லு பலகைக்கு அடியிலயும் வரும். பலகைய ரெண்டு குதிரை மேல ஏத்துங்க.” கால் வைத்த மரத்தாங்கியைத்தான் குதிரை என்றான்.

“அப்போ காலுக்கு வேலையே இல்லியா மாப்ள?”

“இருக்கு. சாயந்தரம் வீட்டுக்கு நடந்து போவணும்லா.”

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் அதிகமாகச் சிரித்தார்.

பிறகு ஹென்றி சொல்லச் சொல்ல அவர் செய்தார். பல்லைத் தொடுமுன் மின்சாரக் கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். பலகையின் கனத்துக்கு மேல் ஒரு பல் உயரம்தான் கீழே எட்டிப்பார்க்கலாம். மிச்சத்தை மேலே ஏற்றித் திருகிவிட வேண்டும். பல் கீழிருந்து மேலாக அறுப்பதால் மேல்பக்கம்தான் சிலும்பும். ஆகையால் பலகையின் நல்ல முகம் கீழே இருக்கட்டும். ஒரு நேரான சட்டத்தைப் பலகையில் ஆணியடித்து, ரம்பத்தின் தகட்டை அதை ஒட்டியே ஓட்டினால் கோடு பிசகாது.

“கோட்டு மேலயே அறுக்காதிய அத்தான். பல்லுக்கும் ஒரு அகலம் உண்டு. கழிவுப் பக்கமா அறுங்க, கோடு நமக்கு மிஞ்சணும். முழு வேகம் வந்தப்புறம் மரத்தைத் தொடுங்க. ரெண்டு கையும் கைப்பிடியில. ரம்பத்துக்கு நேர் பின்னால நிக்காதிய, ஓரமா நில்லுங்க.”

“அது என்ன கழுதையா, பின்னால நின்னா உதைக்க?”

“கழுதை ஒரு தடவ உதைச்சா விட்டுரும்.” ஹென்றி அப்போது சிரிக்கவில்லை. “அறுபடுத முனை கீழ விழுதா, விழ விட்ரணும். யாராவது தூக்கிப் பிடிச்சா அறுத்த வாய் மூடிக்கிட்டு பல்லைக் கவ்விரும். கவ்வினா ரம்பம் அப்பிடியே பின்னால பாயும். அந்த நேரத்துல மூடி ஒண்ணுதான் ஒங்களுக்கும் அதுக்கும் நடுவுல இருக்கும்.”

என் கணவர் முதல் வெட்டை அறுத்து முடித்து, முனையை விரலால் தடவிப் பார்த்தார். கல்யாணத்தன்று என்னை அப்படிப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அண்ணாச்சிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இப்படியொரு சாமானை மந்திரிக்காமல் உபயோகிக்கலாமா? வந்த ஞாயிற்றுக்கிழமையே ஏற்பாடு செய்துவிட்டார். முதலில் தேங்காய் உடைத்து, சந்தனம் பூசி, தம் பக்கத்துக் காரியங்களை முடித்தார். பிறகு எங்கள் பங்குச் சாமியாரை வரவழைத்தார். இரண்டு பக்கமும் சொல்லிவைத்துவிட்டால் சரக்கு சேதமில்லாமல் வந்து சேரும் என்பது அவருடைய வியாபார அனுபவம்.

சாமியார் ஜெபித்து, தீர்த்தத்தைத் தெளித்தார். தீர்த்தம் மூடியின் மேல் விழுந்து வழிந்தது.

“சாமி, ஒரு நிமிசம்” என்றார் அண்ணாச்சி. “தண்ணி மூடி மேலல்லா படுது? புண்ணியம் மூடிக்குப் போயிட்டா, வேலை செய்யுத பல்லுக்கு என்ன கிடைக்கும்?”

மனுவேல் மேஸ்திரி முன்னால் வந்து கீழ்மூடியைப் பின்னால் இழுத்துப் பிடித்தார். வில் பலமானது, வெகுநேரம் பிடித்திருக்க முடியவில்லை. அண்ணாச்சி மனைவி செல்லக்கனியம்மா, மாதா பீடத்தில் வைத்து எடுத்து வந்திருந்த ஒரு நீல நாடாவைக் கொடுத்தார். மூடியை மேல் கைப்பிடியோடு சேர்த்து அந்த நாடாவால் இறுகக் கட்டினார்கள். பற்கள் அரைவட்டமாக வெளியே தெரிந்தன. சாமியார் மறுபடி தெளித்தார். இந்தத் தடவை அந்தப் பற்கள் அத்தனையும் நனைந்தன. போட்டோவும் எடுத்தார்கள். அதில் எல்லோரையும்விட ரம்பம்தான் நன்றாகச் சிரிக்கிறது.

மறுநாள் காலையில் ஹென்றி நாடாவை அவிழ்க்கப் போனான். மனுவேல் மேஸ்திரி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“ஏலே, என்ன செய்யுத?”

“அவுக்கேன். வேலை பாக்க வேண்டாமா?”

“மந்திரிச்சுக் கட்டினதைக் கையால அவுப்பாங்களா? கோட்டிக்காரப் பயலே. ஒங்க அம்மை ஒனக்கு அந்தோணியார் கோயில் கயிறு கட்டினப்போ, மறுநா அவுத்துப் போட்டியா?”

எங்கள் கடற்கரையில் இது சட்டம். நாட்டுப்புறத்து ஆட்களுக்கும் இதுவே சட்டம்; அண்ணாச்சி கையிலேயே திருச்செந்தூர்க் கயிறு ஒன்று கறுத்துத் தொங்கியது. மந்திரித்துக் கட்டிய கயிறு தானாக நைந்து, தானாக அறுந்து விழ வேண்டும். கையால் அவிழ்த்தால் காத்துக்கொண்டிருந்த கெடுதல் உள்ளே வந்துவிடும். மற்ற எல்லாவற்றிலும் ஆளுக்கொரு பக்கம் நிற்கிற இரண்டு மதத்தாரும் இந்த ஒன்றில் தோளோடு தோள் நின்றார்கள்.

“மூடி திறந்தே இருந்தா கெடுதல் உள்ள வாரதுக்குக் கயித்த அவுக்கவே வேண்டாம் மேஸ்திரி” என்று ஹென்றி கத்தினான். கப்பற்படை வசவுகளையும் சேர்த்துக்கொண்டான். அவை இங்கிலீஷில் இருந்ததால் யாருக்கும் கோபம் வரவில்லை.

அதற்கடுத்த வாரம் அவனுக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. புறப்படும்போது எங்கள் வீட்டு வாசலில் நின்று, “அத்தான், நாடா இருக்குதவரைக்கும் அதத் தொடாதிய. அக்கா, நீயாவது சொல்லு” என்றான்.

சொன்னேன். சொன்னதற்குப் பலனும் இருந்தது, கொஞ்ச நாளைக்கு. என் கணவர் தினமும் எல்லோரும் வருமுன் போய் நாடாவை அவிழ்ப்பார். மேஸ்திரியையும் ஏற்றிவரும் அண்ணாச்சியின் வில்வண்டி மணிச்சத்தம் கேட்டதும் கட்டிவைப்பார். வண்டி போனதும் அவிழ்ப்பார். இந்த அழகில் ரம்பம் ஒழுங்காக வேலை செய்தது. அறுபட்டு விழும் முனைக்கும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தோணிக்கென்று மஞ்சள் தொட்டுவைத்த பலகை, தோணியில் ஏறுமுன் மண்ணில் விழக்கூடாது என்பது பட்டறை வழக்கம். கைவாளால் அறுத்த காலத்தில் முனையை இரண்டு பேர் தாங்கிப் பிடிப்பார்கள். கைவாள் கவ்விக்கொண்டால் திட்டிவிட்டு உருவிக்கொள்ளலாம். இதில் அது நடக்காது. ஆகவே குதிரைக்கு அப்பால் தென்னம்பஞ்சைக் குவித்து, முனை அதன்மேல் விழும்படி செய்தார்.

“மண்ணுல விழல்ல, பஞ்சுலதான விழுது?” என்றார். மேஸ்திரி யோசித்துப் பார்த்து, சரி என்று ஒத்துக்கொண்டார். எங்கள் ஆட்கள் முரடர்கள் இல்லை. நியாயம் சொன்னால் கேட்பார்கள், நாடாவைத் தவிர.

ஒருநாள் மேஸ்திரி வழக்கத்துக்கு முன்னதாக வந்து, நாடா பெஞ்சின் மேல் கிடப்பதைப் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலமே, கரையில் ஏற்றியிருந்த தோணி ஒன்றின் முட்டுக்கட்டை சரிந்து தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்த முட்டுக்கட்டையைக் கறையான் அரித்திருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, நாடாவை அவிழ்த்ததால்தான் என்றார்கள்.

அண்ணாச்சி திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “ஏலே சிலுவை, ஒன்ன என் கூடப்பொறந்தவனா நெனைச்சிருக்கேன். ஒனக்கு ஒண்ணுன்னா நான் தாங்குவனா? ஒன் நல்லதுக்குத்தான் கட்டி வச்சிருக்கு” என்று கண் கலங்கினார். மாதா படத்தின் முன்னால் நாடாவைத் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். மேஸ்திரி அதை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார்.

“ரம்பத்தத் தொட மாட்டேன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதான?” என்றேன் அன்று இரவு.

“பழையபடி கைவாளுக்கே போயிருன்னு சொல்லுதியா?”

“ஆமா.”

வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் ஒரு ஆயினி மரப் பலகையை நூல் பிடித்தாற்போல் அறுத்துப் பழகிய மனிதர். அந்தக் கோட்டின்மேல் அவருக்கு ஆசை விழுந்துவிட்டது. அது மட்டுமில்லை. “நான் விட்டா மேஸ்திரி அதப் பேச்சிமுத்து கையில குடுப்பாரு. அவனுக்கு இடது கை எது, வலது கை எதுன்னே தெரியாது” என்றார். பேச்சிமுத்து மின்சாரக் கம்பி பல்லில் மாட்டாமல் தூக்கிப் பிடிக்கிற ஆள். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

நான் பங்குச் சாமியாரிடம் போனேன். கட்டினவர்கள் நாங்கள் சொல்லிக் கேட்கவில்லை, மந்திரித்தவர் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்தேன். சாமியார் பொறுமையாகக் கேட்டார்.

“நான் ரம்பத்தைத்தான் மந்திரிச்சேன், இசபெல்லா. நாடாவை மந்திரிக்கலையே. அவுக்கிறதுல பாவம் ஒண்ணுமில்லை” என்றார். அத்தோடு விடாமல் குடையை எடுத்துக்கொண்டு என்னோடு பட்டறைக்கே வந்து, அண்ணாச்சியிடமும் மேஸ்திரியிடமும் அதையே சொன்னார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்தாற்போல் இருந்தது.

இரண்டு பேரும் கைகட்டிக் கேட்டார்கள். மோர் கொடுத்தார்கள். வில்வண்டியிலேயே அவரைத் திருப்பி அனுப்பிவைத்தார்கள். வண்டி தெருமுனை திரும்பியதும் அண்ணாச்சி சொன்னார்: “பாத்தியா, என்ன பெருந்தன்மை! தான் மந்திரிச்சதுக்குத் தானே மதிப்பு கேக்கல்ல. அவுக அப்பிடித்தான் சொல்லுவாக. நாமதான் பாத்து நடந்துக்கிடணும்.”

“அதான” என்றார் மேஸ்திரி.

கடவுளின் ஆளே சொல்லியும் அவிழாத முடிச்சுக்கு மேலே யாரிடம் போவது? தேசம் முழுக்க ஏதோ கட்டு அவிழப்போகிறது என்று பேப்பரில் போட்டுக்கொண்டிருந்த மாதம் அது. எங்கள் பட்டறையில் ஒரு முழ நாடாவை அவிழ்க்க ஆள் இல்லை.

என் கணவர்தான் யோசித்தார். “கையால அவுக்கக் கூடாது, தானா நைஞ்சு விழணும். அம்புட்டுதான? நையட்டும்.” வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைத் தினமும் போகிற போக்கில் நாடாவில் தடவிவந்தார். தடவினால்தான் என்ன, அவிழ்க்கவில்லையே. சத்தியம் அப்படியே இருந்தது. சுண்ணாம்போடு உப்புத்தண்ணீரும் தெளித்தார். சாதாரணத் துணியாக இருந்தால் பதினைந்து நாளில் பொடிந்திருக்கும். நாடா சாயம் வெளுத்ததே தவிர, நூல் நையவில்லை.

பிறகுதான் செல்லக்கனியம்மா வாயாலேயே விவரம் தெரிந்தது. அது பட்டுமில்லை, பருத்தியுமில்லை. கொழும்பு ஏலத்தில் வந்த பாராசூட் துணியைக் கிழித்து நீலச் சாயம் போட்டது. “ஆகாசத்துலேருந்து ஆளையே தாங்குத துணி தாயி, நாம மாதாவுக்கு மட்டமானத வைக்கலாமா?” என்றார். சிப்பாய்கள் செத்துவிடக்கூடாது என்று வெள்ளைக்காரன் யோசித்து யோசித்து நெய்த துணி. எவ்வளவு நல்ல துணி என்று எங்களுக்குத்தான் தெரியும்.

“பாப்போம் ஏளா. மரத்துல உரசி உரசி ஒருநா அறும்” என்றார் என் கணவர். அதுவரைக்கும் ஹென்றி சொன்ன மற்ற எல்லாவற்றையும் இரண்டு பங்காகக் கடைப்பிடித்தார். அறுத்து முடித்ததும், பல் சுற்றி நிற்கும்வரை ரம்பத்தைக் கையிலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார். மூடி செய்ய வேண்டிய வேலையை அவர் கைகள் செய்தன. சாயங்காலம் வந்து தோளைப் பிடித்துவிடச் சொல்வார். பிடித்துவிடுவேன். இரண்டு காலும் ஒழுங்காக வந்து சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் பிடித்துவிடுவேன்.

ஆடி மாதம் பிறந்து, மாதா திருவிழாவுக்குக் கொடியேற இருந்த வாரம். எட்டயபுரத்திலிருந்து பருத்தி வியாபாரிகள் சிலர் வந்திருந்தார்கள். தோணியில் சரக்கு அனுப்புவது பற்றிப் பேச்சு. அண்ணாச்சி அவர்களுக்கு ரம்பத்தைக் காட்டப் பிரியப்பட்டார். அன்றைக்குத்தான் கருப்பட்டி போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார் என் கணவர்.

கம்பியைப் பிடித்திருந்த பேச்சிமுத்து பிறகு எனக்குச் சொன்னது இது.

விருந்தாளிகள் வருகிறார்களென்று மேஸ்திரி பட்டறையைப் பெருக்கச் சொல்லியிருந்தார். தென்னம்பஞ்சுக் குவியல் அசிங்கமாகத் தெரிந்ததால் அதை அள்ளிக் கொண்டுபோய்விட்டார்கள். பஞ்சு இல்லாவிட்டால் பலகை மண்ணில் விழுமே? ஆகையால் பழைய வழக்கப்படி முனையைத் தாங்க இரண்டு பேரை நிறுத்தினார் மேஸ்திரி. என் கணவர் பஞ்சைக் கேட்டார்.

“வந்தவுக முன்னால குப்பைய அள்ளிக் கொட்டச் சொல்லுதியா?” என்றார் மேஸ்திரி.

என் கணவர் அந்த இரண்டு பேரிடமும் சொன்னார்: “ஏலே, சும்மா தொட்டுக்கிட்டு மட்டும் நில்லுங்க. இறங்கினா இறங்க விடுங்க. தூக்கிராதிய, என்ன?” இரண்டு பேரும் நன்றாகத் தலையாட்டினார்கள்.

அடுத்து, அவர் நிற்க வேண்டிய ஓரத்தில் வியாபாரிகள் நின்றுகொண்டிருந்தார்கள். அங்கிருந்துதான் பல் நன்றாகத் தெரிகிறது என்று அண்ணாச்சியே அவர்களை நிறுத்தியிருந்தார். விருந்தாளியைத் தள்ளிப் போகச் சொல்வது மரியாதையா? என் கணவர் ரம்பத்துக்குப் பின்னால் நின்றார்.

தோணியின் பக்கவாட்டில் ஏற வேண்டிய பலகை அது, நல்ல கனம். சட்டம் அடித்து, ஆழம் பார்த்து, முழு வேகம் வந்தபின் உள்ளே விட்டார். நேராகப் போனது. வியாபாரிகள் “அடடே” என்றார்கள். இன்னும் இரண்டு விரற்கடை அகலம்தான் பாக்கி. முனை தன் பாரத்தில் லேசாகத் தணிந்தது. அதைத் தாங்கி நின்றவர்களுக்கு அந்த நொடியில் என் கணவர் சொன்னது ஞாபகமில்லை. மஞ்சள் தொட்ட பலகை மண்ணில் விழப்போகிறது என்பதுதான் ஞாபகம். பக்தியோடு தூக்கினார்கள். இரண்டு பேருமே பலசாலிகள்.

ஹென்றி சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது. அறுத்த வாய் மூடியது, பல்லைக் கவ்வியது, ரம்பம் பின்னால் பாய்ந்தது. நடுவில் மூடி மட்டும் இல்லை. அது மேலே, மூன்று முடிச்சோடு பத்திரமாக இருந்தது.

தொடையில் பட்டது. அப்படியே தரையில் விழுந்த ரம்பம் சுழன்று, தன் பல்லாலேயே நாடாவை அறுத்துக்கொண்டது. ‘டக்’கென்று மூடி மூடிக்கொண்டது. பேச்சிமுத்து கம்பியைப் பிடுங்கினான். அப்போது அண்ணாச்சி, “தானாவே அறுந்திட்டு” என்று மெதுவாகச் சொன்னாராம்.

ஆஸ்பத்திரிக்கு வில்வண்டியில்தான் கொண்டுபோனார்கள். மணிச்சத்தம் கேட்டுத் தெருவில் எல்லோரும் வழி விட்டார்கள். வண்டி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் போய்ச் சேரவில்லை.

அண்ணாச்சி என்னைவிட அதிகமாக அழுதார். அது வேஷம் இல்லை. மறுநாள் அடக்கத்துக்கு முன்னால் என்னருகே வந்து, மடித்த கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே நாடா. பாதி நீலம், பாதி வேறு நிறம்.

“பெட்டிக்குள்ள வச்சிரலாமா தாயி? மாதா பீடத்துல இருந்தது. அவனுக்குத் துணையா இருக்கும்.”

“அவருக்குத் துணையா இருந்தது போதும் அண்ணாச்சி” என்றேன்.

அவர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார். தலையசைத்து, பத்திரமாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

காரணம் கண்டுபிடிக்க ஊருக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. மேஸ்திரி அந்த நாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சுண்ணாம்புக் கறையைக் காட்டினார். மந்திரித்த பொருளை யாரோ தீட்டுப்படுத்தியிருக்கிறார்கள். யார் என்று அவர் சொல்லவில்லை. செத்தவரைக் குறை சொல்லக்கூடாதாம். சொல்லவில்லை என்பதை எல்லோரிடமும் போய்ச் சொன்னார்.

முனையைத் தூக்கிய இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்கள். “மண்ணுல விழாமப் பாத்துக்கிட்டோம்க்கா” என்றான் ஒருவன். நான் தண்ணீர் கொடுத்தேன்.

செய்தி கேட்டுக் கொழும்பிலிருந்து வந்த ஹென்றி கையிலிருந்த பையை என் வாசலில் வைத்தான். பிறகு பட்டறைக்குப் போனான். சண்டை போடுவான் என்று நினைத்தேன். ஆனால் அங்கே சண்டைக்கு எதுவும் மிச்சமில்லை. நாடா தானாக அறுந்து விழுந்துவிட்டதல்லவா? கட்டு கழிந்துவிட்டது. இனி மூடியைத் திறந்து மூட எந்தத் தடையும் இல்லை. பேச்சிமுத்துவின் கையில் ரம்பத்தைக் கொடுத்திருந்தார்கள். தென்னம்பஞ்சும் குவித்தாயிற்று. விருந்தாளிகளுக்கு எதிரே ஒரு கயிறும் கட்டியாயிற்று. ஹென்றி முதல்நாள் சொன்ன அத்தனையும், ஒன்றுவிடாமல், ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. எல்லாம் அன்றைக்கு மந்திரித்ததன் பலன் என்று மனுவேல் மேஸ்திரி இன்றும் சொல்கிறார்.

பேச்சிமுத்துவுக்கு மூன்று பிள்ளைகள். என்னைப் பார்த்தால் நின்று பேசிவிட்டுத்தான் போவான். இரண்டு காலாலும் நிற்பான்.

அறுந்தும் அறாமலும் நின்ற அந்தப் பலகையை என்ன செய்வதென்று சில நாள் பட்டறையில் யோசித்தார்கள். மண்ணில் விழாத பலகையை ஒதுக்கக் காரணம் இல்லை என்று முடிவாயிற்று. பாக்கியிருந்த இரண்டு விரற்கடையை மேஸ்திரி கைவாளால் அறுத்தார். பலகை தோணியில் ஏறியது. தோணி புரட்டாசியில் கடலில் இறங்கியது. இப்போதும் கொழும்புக்குப் போய்வருகிறது. வருடாவருடம் கரையேற்றி, பலகை மூட்டுகளில் பஞ்சும் குங்கிலியமும் அடைக்கிறார்கள். அந்த ஒரு மூட்டில் மேஸ்திரி அறுத்த இரண்டு விரற்கடைக்கு மட்டும் அடைக்க வேண்டியிருக்கிறதாம். என் கணவர் அறுத்த மிச்ச நீளத்தில் தண்ணீர் கசிவதில்லை என்று அந்தத் தோணியை ஓட்டும் தண்டல் பவுல் சொல்கிறார்.